பத்தாயிரம் தடவை ஓடிய பந்தயம்

ஆரணிக் குஞ்சு,

நீயும் அம்மாவும் கடைத்தெருவுக்கு இறங்கிப் போய் அரை மணித்தியாலம் ஆகிறது. உன் பெட்டிக்குள் இரண்டு கிலோ கறித்தூளாவது திணிக்காமல் அம்மா திரும்பி வரமாட்டாள் என்பது உனக்கும் தெரியும். இன்று திங்கட்கிழமை, நான் சமைக்கிற உணவகம் பூட்டிக் கிடக்கிற நாள். ஹாலின் நடுவில் உன் பெட்டி திறந்தபடி இருக்கிறது. யன்னலுக்குக் கீழே கார் து நோர் நிலையத்து ரயில்கள் ஒன்றை ஒன்று தொடாமல், அவசரமில்லாமல், தண்ணீரில் மீன் போவதுபோலப் போய் வருகின்றன. இந்த நாலாம் மாடியில் இருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்போதும் பாதி நித்திரை வந்துவிடும். இன்றைக்கு வரவில்லை. வியாழக்கிழமை நீ விமானம் ஏறிவிடுவாய். அதற்கு முன் உனக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். வாயால் சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் கோப்பி குடிக்கிறியா என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன்.

என் மகள் வட கரோலினாவில் ஒரு கார்ப்பந்தயக் குழுவுக்குக் கணக்குப் பார்க்கப் போகிறாள் என்று சொன்னால் எங்கள் லாச்சப்பல் தெருவில் ஒருவருக்கும் விளங்குவதில்லை. மரக்கறிக் கடைக்காரர் “கார் ஓட்டப் போறாவோ?” என்று கேட்டார். நான் விளக்கப் பார்த்தேன். தெருவில் ஓடுகிற கார் மாதிரியே தோற்றம், உள்ளுக்கு வேறு சாமான். முட்டை வடிவமான ஒரு பாதை. அதில் நாற்பது கார்வரை இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நூற்றுக்கணக்கான சுற்று ஓடும். இப்படிப் பிப்ரவரியில் இருந்து நவம்பர் வரை வாரா வாரம் ஒரு பந்தயம், வருடக் கடைசியில் ஒரு சாம்பியன். அந்தச் சாம்பியன் யார் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்துத்தான் என் பிள்ளை இந்த வேலையைப் பிடித்தாள். அவர் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே “அதென்ன சாத்திரமோ?” என்றார். நானும் ஒரு காலம் அப்படித்தான் நினைத்தேன், குஞ்சு.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரம் படிக்கத் தொடங்கிய வருடம். ஏதாவது ஒரு விளையாட்டை எடுத்துக் கணக்குச் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். உன்னோடு படித்தவர்கள் எல்லாரும் உதைபந்தாட்டத்தை எடுத்தார்கள். நீ இந்தக் கார்களைக் கொண்டுவந்தாய். “அப்பா, இதிலை ஒவ்வொரு சுற்றும் எழுதி வைச்சிருக்கினம். இவ்வளவு கணக்கு வேறை எந்த விளையாட்டிலையும் இல்லை” என்றாய். நான் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “இடப்பக்கம் மட்டும் திரும்புற ஓட்டத்திலை என்ன கிடக்கு?” என்று சிரித்தேன். ஆனால் உட்கார்ந்தேன். ஒருமுறை உட்கார்ந்தவன் பிறகு எழும்பவில்லை. வட்டமாக, வட்டமாக, நிறங்கள் ஒன்றோடு ஒன்று கரைந்து போகிற அந்த ஓட்டம் எனக்கு ஏதோ செய்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருப்போம். வெளியே மேம்பாலத்தில் மெற்றோ போகும் சத்தமும் அந்தக் கார்களின் சத்தமும் கலந்து ஒன்றாகிவிடும். அம்மா சாய்மனைக் கதிரையில் கண் அயர்ந்துவிடுவாள். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களுக்கு வெங்காயம் அரிந்த என் கைகள் மடியில் சும்மா கிடக்கும்.

பந்தயம் ஓடுவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எனக்கு வேலை. எனவே நாம் பதிவைத் திங்கட்கிழமை பின்னேரம்தான் பார்ப்போம். அதற்காக நீ ஞாயிறு மாலையே செய்திகளை நிறுத்திவிடுவாய், யாரும் முடிவைச் சொல்லிவிடக்கூடாது என்று. முதலில் கணக்கு, பிறகு பந்தயம், இதுதான் உன் ஒழுங்கு. பந்தயம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. வென்றவர் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார், தோற்றவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். அமெரிக்கா முழுவதற்கும் தெரியும். நம் ஹாலுக்குள் மட்டும் அது இன்னும் நடக்கவில்லை, யாரும் வெல்லலாம். அந்த நிலை எனக்குப் பழக்கமானது. எங்கிருந்து பழக்கம் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் பொறு.

உன் கணக்கை நான் நம்பவில்லை. மடிக்கணினி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மிச்சமிருக்கிற பந்தயங்களைப் பத்தாயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் யார் நம்புவது? “ஆர் ஓட்டினது, எங்கை ஓட்டினது?” என்று கேட்டேன். நீ கோபிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கண்ணில் பட்ட கோப்பை, கிண்ணம், தயிர்ப் போத்தல், ஜாம் போத்தல் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் அடுக்கினாய். அந்த ஆட்டத்தின் விதியையும் அன்றைக்குத்தான் எனக்குச் சொல்லித் தந்தாய். வருடத்தின் கடைசிப் பத்துப் பந்தயங்களுக்குப் பதினாறு பேர் போவார்கள். மூன்று பந்தயத்துக்கு ஒருமுறை, கீழே இருக்கிற நாலு பேர் வெளியே. அந்த மூன்றில் ஒன்றை வென்றவன் மட்டும், எவ்வளவு கீழே இருந்தாலும், அடுத்த கட்டத்துக்குப் போவான். கடைசிப் பந்தயத்துக்கு நாலே பேர். அவர்களில் முன்னால் வருபவன் சாம்பியன்.

பதினாறு பாத்திரம், பதினாறு ஓட்டக்காரர். ஒவ்வொருவரும் இதுபோன்ற பாதைகளில் முன்பு எத்தனையாவதாக வந்தார் என்பதைத் துண்டுத் துண்டாக எழுதி அவரவர் பாத்திரத்தில் போட்டாய். மோதி நொருங்கிய நாளுக்கு ஒரு சிவப்புத் துண்டு. “இப்ப ஒவ்வொரு கிண்ணத்திலை இருந்தும் ஒண்டு எடுங்கோ. அதுதான் இந்தக் கிழமைப் பந்தயம். துண்டைத் திருப்பிப் போட்டிட்டு அடுத்ததுக்கு எடுங்கோ.” நான் எடுத்தேன். நீ புள்ளிகளை எழுதினாய். ஒரே இடம் இரண்டு பேருக்கு வந்தால் அவர்களுக்கு மட்டும் மறுபடி எடுத்தோம். ஒரு வருடத்தின் முடிவைக் காண எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கத் தேவைப்பட்டது. அந்தப் பின்னேரத்தில் எனக்குப் பிடித்த நீலக் கார்க்காரர் சாம்பியன் ஆனார். நான் எழும்பிக் கைதட்டினேன். நீ சிரித்துக்கொண்டு, “அப்பா, அது ஒரு தடவைதான். இப்பிடிப் பத்தாயிரம் தடவை எடுத்துப்போட்டு, எத்தினை தடவை அவர் வெண்டவர் எண்டு எண்ணவேணும்” என்றாய்.

“பிள்ளை, நாங்கள் இருக்கிறதும் ஒரு தடவைதானே” என்றேன்.

நீ துண்டுகளை ஒரு கடித உறைக்குள் போட்டாய். பிறகு கிண்ணங்களைக் கழுவ எடுத்துப் போனாய்.

நீலக் கார்க்காரரை எனக்கு ஏன் பிடித்தது என்று அம்மா அடிக்கடி கேட்பாள். நாற்பது வயது தாண்டிய மனிதர். தோற்ற பிறகு அவர் கத்துவதில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, தன் காரின் சில்லு மாற்றுகிற பொடியன்களுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுப்பார். சமையலறையில் வேலை செய்கிறவனுக்கு அது பெரிய விஷயம். நீ மாஸ்டர் பட்டத்துக்குப் படித்த வருடம் அவர் அந்தப் பதினாறு பேருக்குள் கடைசி ஆளாக நுழைந்தார். முதல் பந்தயத்தில் மோதினார். இரண்டாவதில் இயந்திரம் புகைந்தது. மூன்றாவதை வென்றால் மட்டும்தான் அவருக்கு வாழ்வு. அந்தத் திங்கட்கிழமை நீ வழக்கம்போலக் கணக்கை ஓட்டினாய். பத்தாயிரம் தடவையில் முப்பத்தொரு தடவை அவர் சாம்பியன் என்று வந்தது. எனக்கு ஏனோ எரிச்சல். ஆசை காட்டி ஏமாற்றுகிற எண்ணாகப் பட்டது.

“உந்த ஆளை எடுத்துவிடு பிள்ளை. உது செத்த ஆள்” என்றேன்.

நீ திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய். “நோ, அப்பா. சே பா ஸெரோ. கிட்டத்தட்டச் சைபர் எண்டது சைபர் இல்லை. அந்தாள் இன்னும் ஓடுறார். ஓடுற ஆளுக்கு நான் சைபர் போட ஏலாது. போட்டால் கணக்குப் பிழை எண்டு இல்லை, அது பொய்.”

நான் எழும்பிச் சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நீ பின்னாலே வந்து “கோவமே அப்பா?” என்று கேட்டாய். தலையிடி என்று சொன்னேன். தலையிடி இல்லை, குஞ்சு. ஓடிக்கொண்டிருந்த உனக்கு நான் ஒருமுறை சைபர் போட்டிருக்கிறேன்.

நான் உன்னையும் அம்மாவையும் வன்னியில் விட்டுவிட்டு வந்தபோது உனக்கு ஐந்து வயது. ஒரு வருடத்தில் கூப்பிடுவேன் என்று சொல்லி வந்தேன். ஒரு வருடம் இரண்டாகி, மூன்றாகி, பாதைகள் பூட்டின, போன் நின்றது. இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தபோது, இந்தத் தெருவில் நடந்துபோன ஒவ்வொரு மனிதனும் கையில் போனைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். யாருடைய போனாவது அடித்தால் சுற்றி நின்ற எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். அப்போது நான் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தேன். அவர்களில் மூத்தவர் பரமண்ணை, எனக்கு இங்கே முதல் வேலை பிடித்துத் தந்தவர். மே மாதம் ஒரு பின்னேரம் அவருடைய போனுக்குத்தான் அந்தச் செய்தி வந்தது. நம் ஊர் ஆள் ஒருவர், எப்படியோ இந்தியாவுக்குத் தப்பிப் போனவர், சொன்னார். நீயும் அம்மாவும் இருந்த பதுங்குகுழியில் ஷெல் விழுந்தது, அதற்குள் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை, தான் கண்ணால் பார்த்ததாக.

அவர் பொய் சொல்லவில்லை. குழியைப் பார்த்தார், அதற்குள் இருந்தவர்களையும் பார்த்தார். அன்று விடியப்புறம் உனக்குக் காய்ச்சல் என்று, மருந்து கிடைக்குமா என்று பார்க்க அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் நான் ஒன்று செய்திருக்கலாம். முகத்தைப் பார்த்தனீரா என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் நான் இத்தனை வருடமும் எனக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். மாதக்கணக்கில் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் இருந்தேன். காலையில் இருக்கிறார்கள் என்று நினைப்பேன், உருளைக்கிழங்கு உரித்து முடிவதற்குள் இல்லை என்று நினைப்பேன். அந்த ஊசலாட்டத்தில் இருந்து என்னை யாராவது இறக்கிவிட்டால் போதும் என்று இருந்தது. அந்த மனிதர் இறக்கிவிட்டார். அழுகைக்குள் எனக்கு ஒரு இளைப்பாறல் இருந்தது, ஆரணி. அதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும்.

பரமண்ணை தடுத்தார். “பொறும். முகாமிலை கனபேர் இருக்கினமாம். ஒருக்கால் பெயர் விவரம் வரட்டும்” என்றார். நான் கேட்கவில்லை. தலையை மழித்தேன். முப்பத்தோராம் நாள் கால்வாய்க்கரைக்கு ஐயரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஐயர் உன் வயதைக் கேட்டுவிட்டு, “சின்னப் பிள்ளையளுக்கு இப்பிடிச் செய்யிற வழக்கமில்லை” என்றார். இல்லை, இரண்டு பேருக்கும் செய்யவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உன் நட்சத்திரத்தைக் கேட்டார், சொன்னேன். உன் பெயரை உரக்கச் சொல்லச் சொன்னார், சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். கரையில் ஓடிப் பழகிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். வெயில் நன்றாக இருந்தது. அந்த நேரம் நீ செட்டிகுளத்து முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றிருப்பாய்.

நம் ஹாலில் தொங்குகிற படம், நீ வெள்ளைச் சட்டையோடு அம்மாவின் மடியில் இருப்பது, வருகிறவர்கள் எல்லாரும் வடிவான படம் என்று சொல்வது, அந்தக் கிரியைக்காக நான் பெருப்பித்த படம்தான். பூமாலையைக் கழற்றிவிட்டு அப்படியே மாட்டினேன். எறிய மனம் வரவில்லை.

பிறகு இரண்டு மாதம். தலையில் மயிர் ஒரு விரல் அளவுக்கு வளர்ந்திருந்தது. மத்தியானம், உணவகத்தின் பின்பக்கம், கரட் சீவிக்கொண்டிருந்தேன். தெரியாத நீண்ட எண் ஒன்றில் இருந்து போன் வந்தது.

“நான்தான்” என்றது குரல்.

“ஆர்?”

“நான்தானப்பா. பிள்ளையும் நானும் இருக்கிறம். செட்டிகுளத்திலை இருக்கிறம்.”

நான் போனை வைத்துவிட்டேன். யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். குரலை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லமாட்டேன், தெரிந்தது. அதனால்தான் வைத்தேன். கரட்டைத் திரும்ப எடுத்துச் சீவினேன். போன் மறுபடி அடித்தது. அடிக்க விட்டேன். மூன்றாவது தடவை எடுத்தபோது உன் குரல். “அப்பா, ஏன் வைச்சனீங்கள்? அம்மா கனநேரம் வரிசையிலை நிண்டு எடுத்தவா.” எட்டு வயதுப் பிள்ளையின் குரல். நான் விட்டுவந்தபோது உனக்கு ‘ர’ வராது. இப்போது வந்தது. உனக்கு ‘ர’ வருகிறதே என்றுதான் முதலில் சொன்னேனாம். பிறகு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். தலைமைச் சமையல்காரர் ஓடிவந்து எனக்குக் கை வெட்டிவிட்டதோ என்று தேடினார்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் எடுத்தது உங்களை இங்கே கொண்டுவர. நீங்கள் வந்த முதல் கிழமையே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். பிறகு சிரித்தாள். “அப்ப எனக்கு அழவேண்டியதெல்லாம் அழுது முடிச்சிட்டியள். இனி நான் செத்தால் நீங்கள் பேசாமல் இருக்கலாம்” என்றாள். அடுத்த கணமே முகம் மாறியது. “அவளுக்குச் சொல்லாதேங்கோ. வளரட்டும்” என்றாள். அன்றிரவு சாப்பிடும்போது அவள் என் தட்டில் எதையும் போடவில்லை. நானே போட்டுச் சாப்பிட்டேன். இரண்டு கிழமை அப்படி. பிறகு ஒருநாள் தானாகவே கரண்டியை எடுத்தாள்.

இப்போது உனக்கு விளங்கும், அந்தத் திங்கட்கிழமை நான் ஏன் குழாயடியில் போய் நின்றேன் என்று. அந்த மூன்றாவது பந்தயத்தை நாம் அன்று பின்னேரமே பார்த்தோம். கடைசிச் சுற்றுக்கு முந்திய சுற்றில் முன்னால் போன இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துச் சுழன்றார்கள். அந்தப் புகைக்குள் இருந்து நீலக் கார் தனியாக, ஏதோ கனவில் இருந்து எழும்பி வருவதுபோல, மெதுவாக வருவதாகத்தான் எனக்குத் தெரிந்தது. நீ கதிரைக்கு மேலே ஏறி நின்றாய். அம்மா திடுக்கிட்டு எழும்பி “ஆருக்கு என்ன?” என்றாள். நான் அழுதேன். கார்ப்பந்தயத்துக்கு ஒரு மனிதன் அழுவானா என்று நீ என்னை வைத்து ஒரு வருடம் பகிடி பண்ணினாய். பண்ணு என்று விட்டேன்.

அவர் அதற்குப் பிறகு தட்டுத்தடுமாறிக் கடைசி நாலு பேருக்குள்ளும் வந்துவிட்டார். சாம்பியன் ஆகவில்லை. கடைசிப் பந்தயத்தில் அந்த நாலு பேருக்குள் மூன்றாவதாக வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார், முகத்தைத் துடைத்தார், கை கொடுத்தார். நான் உனக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். உனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. “முப்பத்தொண்டிலை இது இல்லை, அப்பா. மிச்சத்திலை ஒண்டு இது. ஆனால் வடிவான ஒண்டு” என்றாய். மகளே, எவ்வளவு நல்ல பார்வை அது. நடந்ததை மட்டும் பார்த்து, இப்படித்தான் நடக்கவேண்டியிருந்தது என்று சொல்பவர்களையே நான் என் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறேன். நீ நடந்ததைச் சுற்றி நடக்காமல் போன எல்லாவற்றையும் பார்க்கிறாய். உனக்குக் காய்ச்சல் வராத ஒரு காலையும் அவற்றுக்குள் இருக்கிறது. அதை நான் நெடுநேரம் பார்ப்பதில்லை. நீயும் பார்க்காதே.

உன் கணக்கை வாராவாரம் இணையத்தில் போட்டு வந்தாய். இரண்டு வருடத்துக்குப் பிறகு அமெரிக்காவில் இருந்து ஒரு கார்ப்பந்தயக் குழு உனக்கு எழுதியது, பந்தயம் நடக்கும்போது எப்போது சில்லு மாற்ற உள்ளே வருவது, எப்போது பொறுப்பது என்று கணக்குப் பார்க்க வா என்று. நீ அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்துக் காட்டினாய். நான் வாசித்து முடிக்க விடவில்லை. “ஏலாது” என்றேன். தூரம் என்றேன், தனிப் பெண் என்றேன், துவக்கு வைத்துச் சுடுகிற நாடு என்றேன், உன் இங்கிலீஷ் போதாது என்றுகூடச் சொன்னேன். கடைசியாக, “நீ அங்கை போய் ஒரு கிழமை தாக்குப்பிடிக்க மாட்டாய்” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நீ அதற்குப் பிறகு மூன்று கிழமை என்னோடு பிரெஞ்சில் மட்டும் கதைத்தாய். உப்பு வேண்டுமா என்று கேட்டால் “நோ, மெர்சி” என்பாய். வேண்டாம், நன்றி என்கிற அந்த உபசாரம், கடைக்காரரிடம் சொல்வது மாதிரி இருக்கும்.

அம்மாதான் உடைத்தாள். ஒரு காலை நீ போன பிறகு, நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, கதவை மறித்து நின்றாள். “அப்ப குண்டுக்குள்ளாலை என்ரை இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்தவள். முகாமிலை தனக்குக் கிடைச்ச பிஸ்கற்றிலை பாதியை எனக்கு வைச்சவள். அவளோ ஒரு கிழமை தாக்குப்பிடிக்க மாட்டாள்? நீங்கள் அவளுக்கு இரண்டாந்தரமும் எள்ளும் தண்ணியும் விடுறியள்” என்றாள். நான் ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே இருந்தேன். அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போனேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக. அன்று மாலையே உன்னிடம் போ என்று சொன்னேன். நீ தமிழில் “மெய்யாவோ?” என்று கேட்டாய்.

மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. அந்தக் கால்வாய்க்கரைக்காகவும், போனை வைத்ததற்காகவும், அந்த ‘ஏலாது’வுக்காகவும் சேர்த்துக் கேட்கிறேன். நீ கோபப்படலாம். பிரெஞ்சிலேயே கோபப்படலாம், எனக்கு இப்போது நன்றாக விளங்கும். அங்கே போய், உன் கணக்குப் பிழைக்கும் நாட்களும் வரும். யாராவது உனக்கு ஒரு செய்தியை மிக உறுதியாகக் கொண்டுவந்து தந்தால், முகத்தைப் பார்த்தாயா என்று கேள். ஊசலாட்டம் தாங்க முடியவில்லை என்பதற்காக எந்தப் பக்கத்திலும் இறங்கிவிடாதே. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிற புத்தி. ஐம்பத்தெட்டு வயதில் இதற்குமேல் தேறவில்லை.

படிக்கட்டில் அம்மாவின் குரல் கேட்கிறது. லிஃப்ட் மறுபடி பழுது போல. கடைசியாக ஒன்று. இந்த வீட்டில் நீ எந்த அறையில் இருந்தாலும் நான் சும்மா உன் பெயரைக் கூப்பிடுவேன். “ஆரணி!” என்பேன். “என்னப்பா?” என்பாய். “ஒண்டுமில்லை” என்பேன். படிக்கிற நேரத்தில் ஏன் கூப்பிட்டுவிட்டு ஒன்றுமில்லை என்கிறீர்கள் என்று எத்தனை தடவை என்னோடு சண்டை பிடித்திருக்கிறாய். இனி ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் இனி ஆறு மணித்தியால இடைவெளி. உனக்கு மத்தியானமாகிற நேரம் எனக்கு மாலை வேலை தொடங்கும். அதற்கு முன் உணவகத்தின் பின்பக்கம் நின்று ஒருமுறை உனக்குப் போன் எடுப்பேன். காருக்குப் பக்கத்தில் நிற்பாய், சத்தமாக இருக்கும், வேலையும் இருக்கும். நீ நின்று கதைக்கத் தேவையில்லை. “என்னப்பா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வை. நான் கோபிக்க மாட்டேன்.

அப்பா